வாசலைத் தாண்டிய உடை

காலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு குடியிருப்புத் தெருவில் நின்று பாருங்கள். கோலம் போடுகிறவர், பால் பாக்கெட் வாங்குகிறவர், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிறவர், பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறவர் என்று பெரும்பாலோர் நைட்டியில்தான் இருப்பார்கள். தோளில் ஒரு துண்டோ பழைய சுடிதாரின் துப்பட்டாவோ கிடக்கும். பெயரில் இரவு இருக்கிறது; உழைப்பதெல்லாம் பகலில். கேரளத்தில் இதை மாக்ஸி என்கிறார்கள்.

சென்ற மாதம் நம் இதழின் பழைய தொகுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் புரட்டினேன். கல்யாண ரவிக்கைக்கு எத்தனையோ வரைபடங்கள், ஆரி வேலைக்குத் தொடர் கட்டுரைகள், பட்டுக்குச் சிறப்பிதழ்கள். நைட்டிக்கு ஒரு பக்கம்கூட இல்லை. தையல் வகுப்புகளிலும் இதே கதைதான். முதல் மாதத்தில் கைபழகுவதற்கு ஒரு நைட்டி தைக்கச் சொல்வோம். அப்புறம் அதை மறந்துவிட்டு ‘உண்மையான’ உடைகளுக்குப் போய்விடுவோம். ஆண்டுக்கு இரண்டு முறை உடுத்துவதற்கு அத்தனை அக்கறை, அன்றாடம் பன்னிரண்டு மணி நேரம் உடுத்துவதற்கு ஒன்றுமில்லை. இது சரியல்ல.

பெண்கள் இந்த உடையை ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால், சோம்பல் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஐந்தரை மீட்டர் சேலை, உள்பாவாடை, ரவிக்கை மூன்றையும் துவைத்து, பிழிந்து, காயப்போட்டு, மடித்துப் பழகியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். சுமார் 3 மீட்டர் துணியில் ஒரே உடுப்பு. இடுப்பில் நாடா இறுக்காது, குனிந்து நிமிரலாம், புழுக்கம் குறைவு. பிரசவித்தவளுக்கும் மூட்டுவலிக்காரருக்கும் இது எத்தனை பெரிய விடுதலை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தத் தோள்துண்டுக்கு வருவோம். அதை யாரும் தைத்து விற்கவில்லை, எந்த வடிவமைப்பாளரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும்வரை நைட்டி மட்டும் போதும். அழைப்புமணி அடித்தால் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் தாழ்ப்பாளைத் தொடுவார்கள். துண்டு தோளில் விழுந்த கணத்தில் வீட்டு உடை தெரு உடையாகிவிடுகிறது. ஆடை உளவியல் பாடத்தில் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லித்தருகிறோம்: ஒரே வெள்ளைக் கோட்டை மருத்துவருடையது என்று சொல்லி அணியவைத்தபோது கவனம் கூடியது, ஓவியருடையது என்றபோது கூடவில்லை என்றார்கள். அந்த ஆய்வின் முதல் சோதனையை வேறொரு குழு திரும்பச் செய்து 2019இல் வெளியிட்டபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் உடுப்பின் பொருள் உடுத்துபவரின் நடையை மாற்றும் என்பதைப் பார்க்க நமக்கு ஆய்வகம் வேண்டியதில்லை, கதவோரத்து ஆணி போதும்.

ஆந்திரத்தின் அன்றைய மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்ற ஊரில் 2018இல் பெரியவர்கள் கூடிப் பகலில் நைட்டி உடுத்தினால் 2000 ரூபாய் அபராதம் என்றும், காட்டிக்கொடுப்பவருக்கு அதில் 1000 ரூபாய் என்றும் கட்டுப்பாடு போட்டார்கள். செய்தி வெளியே தெரிந்து அதிகாரிகள் விசாரிக்கப் போனார்கள். காலை முதல் மாலைவரை அடுப்படியிலும் துணி துவைக்கும் கல்லிலும் நிற்பவர்களின் வசதியை ஊர்ப் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. அதைவிட, வசதியும் மரியாதையும் ஒரே உடுப்பில் சேரும்படி தைத்துக் கொடுத்திருக்க வேண்டிய நம் தொழில் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

துண்டு ஏன் தேவைப்படுகிறது? நைட்டியின் மார்புப் பகுதி ஒற்றை மடிப்பு மெல்லிய துணி. வெயிலுக்கு எதிரே நின்றால் உள்ளே தெரியும். யோக் பகுதிக்கு இடுப்புவரை அதே துணியில் இன்னொரு மடிப்பு உள்ளே கொடுத்தால், துண்டின் வேலையில் பாதியை உடுப்பே செய்துவிடும். அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் துணி, ஒரு தையல். பெரியவர்கள் முன்னால் துண்டு போடுவது பழக்கமாகிவிட்டவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அடுப்புக்கு முன்னால் நிற்கும்போதாவது அது வேண்டாம்.

அடுப்பு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தீப்பற்றும் விஷயத்தில் தளர்ந்த உடைதான் முதல் ஆபத்து. உடலுக்கும் துணிக்கும் நடுவே இருக்கும் காற்று நெருப்புக்குத் தீனி. தொங்கும் கையும் விரிந்த கீழ்மடிப்பும் அதற்கு வழி. இதனால்தான் பிரிட்டனில் இரவு உடைகளுக்கென்றே 1985இல் தனிப் பாதுகாப்பு விதிகள் வந்தன. குழந்தைகளின் இரவுக் கவுன்கள் தீச்சோதனையில் தேற வேண்டும். பெரியவர்களின் இரவு உடையில் அதைப் பற்றிய சீட்டு நிரந்தரமாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் குழந்தைகளின் தூக்க உடைக்கான விதிகளில், உடலோடு ஒட்டியிருக்கும் உடைகளுக்கு 1996இல் விலக்கு அளித்தார்கள். தளர்வுக்கும் தீக்கும் உள்ள உறவு அதிலிருந்தே புரியும். அங்கே இது தூங்கப் போகும்போது உடுத்துவது. நம்மிடம் இதை உடுத்திக்கொண்டு தாளிக்கிறார்கள். நம் கடைகளில் அடுக்கியிருக்கும் நைட்டிகளில் அப்படி ஒரு சீட்டை நான் பார்த்ததில்லை.

துணியைப் பற்றியும் பேச வேண்டும். மெல்லிய பருத்தி சட்டென்று பற்றிக்கொண்டு பரவும். கனமான, நெருக்கமாக நெய்த பருத்தி மெதுவாகப் பற்றும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் கலந்த துணி பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு: உருகும் இழையை எரியும் பருத்தி தாங்கிப் பிடித்துக்கொள்வதால் அது இன்னும் மோசமாகலாம். ‘காட்டன்’ என்று சொல்லிக் கலப்புத் துணியைக் கொடுக்கும் வியாபாரிகள், தாம் விலையில் மட்டும் பொய் சொல்வதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. தைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: அகன்ற கையைத் தவிருங்கள், முழங்கைக்கு மேல் நிற்கும் குறுகிய கை போதும். முன்பக்கம் லேஸும் தொங்கும் நாடாவும் வேண்டாம். யோக்குக்குக் கீழே சுருக்கத்தைக் குறையுங்கள். முன் ஜிப்பை இடுப்புவரை இறக்குங்கள். ஆபத்து நேரத்தில் தலைவழியாகக் கழற்ற முடியாது, கீழ்வழியாக உதறிவிட்டு வெளியே வர வேண்டும்.

பை சின்ன விஷயமாகத் தெரியலாம். செல்போன், சாவி, பால்காரருக்குக் கொடுக்கச் சில்லறை எல்லாம் இப்போது கையிலோ மார்புக்குள்ளோதான் போகின்றன. பை வைத்த நைட்டிகள் வரத் தொடங்கிவிட்டன, ஆனால் பலவற்றில் பக்கத் தையலில் சும்மா தொங்கவிட்டிருக்கிறார்கள். போனின் கனத்தில் ஒரு தோள் இறங்கி, கழுத்து கோணிப்போகிறது. பையின் உள்துணியை முன்பக்கத்து நீளத் தையலோடு பிடித்துத் தைத்தால் கனம் உடுப்பெங்கும் பரவும்.

இனி அந்த ‘ஃப்ரீ சைஸ்’. மார்புச் சுற்றளவு 46, 48 அங்குலம், நீளம் 56 என்று ஒரே அளவில் வெட்டி எல்லோருக்கும் கொடுக்கிறோம். ஐந்தடிக்குக் குறைந்த பாட்டி அதை உடுத்திக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கால் தடுக்குகிறது. துவைத்தால் சுருங்கும் என்று நீளத்தைக் கூட்டுவதைவிட, துணியை வெட்டும் முன் நனைத்துச் சுருக்கிவிட்டு, மூன்று நீளங்களில் தைப்பது பெரிய செலவல்ல. ஈரோட்டுச் சந்தையிலிருந்து மூட்டையாக எடுத்து வந்து அக்கம்பக்கத்தில் தவணைக்கு விற்கும் பெண்களைக் கேளுங்கள், எந்த நீளம் திரும்பி வருகிறது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். வாங்குகிறவர்களும் விவரமானவர்கள். துணியைக் கசக்கிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், சாயம் போகுமா என்று கேட்காமல் காசை எடுக்கமாட்டார்கள்.

அடுத்த மூன்று இதழ்களை இந்த உடைக்கு ஒதுக்குகிறோம். அதற்கு வாசகர்களிடம் கேட்பது புதிய வரைபடங்களை அல்ல. உங்கள் வாடிக்கையாளர்களிடம், வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு, இனி உடுத்த முடியாது என்று கரித்துணிக்கு ஒதுக்கிய பத்து நைட்டிகளை வாங்குங்கள். துவைத்துத் தரையில் விரித்துப் பாருங்கள். முதலில் விட்டது எங்கே: கைக்குழியிலா, ஜிப்பின் அடிமுனையிலா, கால்பட்டுக் கிழிந்த கீழ்மடிப்பிலா? எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தீப்பொறி பட்ட ஓட்டை? உடுத்தியவரின் உயரம், எத்தனை மாதம் உடுத்தினார், என்ன வேலை செய்கிறார் என்று ஒரு சீட்டில் எழுதிப் பின் குத்தி அனுப்புங்கள். பெயர் வேண்டாம்.

ஆசிரியர்