ஏலக்காய் பேச வைத்தது!

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கல்லூரியில், பி.காம்., இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிளஸ் 2வில் நல்ல மார்க். ஆனால், ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் வாயே திறக்க மாட்டாள். சென்ற ஆண்டு, விமான நிலையத்தில் பேசுவது எப்படி என்று மனப்பாடம் செய்து போய், வகுப்பில் பாதியில் நின்று விட்டாள். 'ஏரோப்ளேனை வானத்துல தான் பாத்திருக்கேன் அத்தை... அதைப் பத்தி என்னத்தப் பேச?' என்று அழுதாள். நியாயம் தானே!

இந்த ஆண்டு வந்த ஆசிரியை, 'உங்க வீட்டுத் தொழிலைப் பத்திப் பேசுங்க...' என்றிருக்கிறார். இவள் அம்மா, விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாக, கேரள எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். அதைக் கல்லூரியில் சொல்லவே வெட்கப்பட்டவள், அன்று இரவு அம்மா பக்கத்தில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தாள். விளைந்த காயை மட்டும் எப்படிப் பார்த்து எடுப்பது, அஞ்சு கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏன் ஏறக்குறைய ஒரு கிலோ தான் தேறுகிறது, 8 மி.மீ., காய்க்கு ஏன் விலை அதிகம் என்று, எல்லாம் கேட்டு எழுதினாள். போடியிலும், புற்றடியிலும் நடக்கும் நறுமணப் பொருள் வாரிய மின்னணு ஏலம் பற்றி, ஒரு வியாபாரியிடம் விசாரித்தாள். தப்பும் தவறுமாக, பத்து நிமிடம் பேசினாளாம். மற்ற பிள்ளைகள் கேள்வி வேறு கேட்டார்களாம்!

விமான நிலையம் என்றால், விஷயமும் தெரியாது, வார்த்தையும் தெரியாது. ஏலக்காய் என்றால், விஷயம் கைவசம் இருக்கிறது. வார்த்தையை மட்டும் தேடினால் போதும்.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், 2020ல், வணிகவியல், கலை, இயற்பியல் அறிவியல், உயிர் அறிவியல் என, நான்கு பிரிவாக, துறைக்கு ஏற்ற ஆங்கிலப் பாடம் கொண்டு வந்தது. 2022, மார்ச்சில் துவங்கிய, 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பயிற்சி உண்டு. நல்லது தான். துறைக்கு ஏற்ற பாடத்தோடு, ஊருக்கு ஏற்ற பத்து பக்கத்தை, அந்தந்தக் கல்லூரியே சேர்த்துக் கொள்ளக் கூடாதா?

'ஏலக்காயும், திராட்சையும் பேசினா, கோயம்புத்தூர் கம்பெனியில வேலை கொடுப்பானா?' என்கிறார், என் வீட்டுக்காரர். விலை ஏன் ஏறியது என்று ஏலக்காய்க்குச் சொல்லத் தெரிந்தவளுக்கு, துணிக்கும் சொல்ல வராதா? இன்டர்வியூவில் முதல் கேள்வியே, 'உன்னைப் பற்றிச் சொல்' என்பது தானே! அதற்கும், அம்மாவின் வேலையை மறைக்காமல் சொல்லப் பழகி விட்டாள்.

அடுத்து, பன்னீர் திராட்சையாம். அதற்கு, 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த கதையை எழுதி முடித்து விட்டாள். இப்போது, கவாத்து பற்றிக் கேட்க, நோட்டோடு என் வீட்டுக்காரர் முன் உட்கார்ந்திருக்கிறாள். அவரும், விடாமல் சொல்லிக் கொண்டிருக்கிறார்.

— ஒரு வாசகி, காமயகவுண்டன்பட்டி.