வேலைக்கு ஆனால் போதுமா?

“பொருள் என்றால் வேலைக்கு ஆக வேண்டும், பார்வைக்கு எப்படி இருந்தால் என்ன?” சிக்கனக்காரர் பேச்சு என்று இதற்கு நம்மிடம் நல்ல மதிப்பு. ஆனால் ரசனையெல்லாம் காசுள்ளவனுக்கு, இல்லாதவனுக்கு உபயோகம் போதும் என்கிற இளக்காரம் இதன் அடியில் கிடக்கிறது. கல்யாணச் சீருக்கு வாங்கிய எவர்சில்வர் குடத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தரச் சொல்லிப் பாத்திரக்கடையில் காத்து நிற்பவர்கள் எல்லாரும் பணக்காரர்களா? பெயர் வெட்டினால் குடம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகம் பிடிக்காது.

உபயோகமே எல்லாம் என்பவர்கள் ஜெய்ப்பூர் காலைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு இங்கே கிடைத்த மேல்நாட்டு மாதிரிச் செயற்கைக் கால், ஷூவுக்குள் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஷூவைக் கழற்றினால் விரலில்லாத கட்டை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிற, சம்மணமிட்டுச் சாப்பிடுகிற, சேற்றில் இறங்கி நாற்று நடுகிற நாட்டில் அதை மாட்டிக்கொண்டு என்ன செய்வது? பலர் அதை மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். 1960களின் பிற்பகுதியில் டாக்டர் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் ஜெய்ப்பூரில் உருவாக்கிய ரப்பர் கால், குந்தவும் சம்மணமிடவும் வளைந்து கொடுத்தது. கூடவே தோலின் நிறமும் விரல்களும் அதற்கு இருந்தன. ரப்பரில் விரல் வடித்ததால் நடை வேகம் கூடிவிடாது. கோயில் பிராகாரத்தில் நாலு பேர் குனிந்து பார்ப்பது குறையும். மாட்டிக்கொள்ளக் கூசுகிற கால் எத்தனை உறுதியாக இருந்து என்ன?

உடம்போடு ஒட்டிய பொருள், அதனால் அப்படி. யந்திரத்துக்கு எதற்கு அழகு என்று கேட்கலாம். 1995இல் ஜப்பானில் குரோசு, காஷிமுரா என்ற ஆய்வாளர்கள் இருவர் ஏடிஎம் திரைக்கு 26 விதமான பொத்தான் அமைப்புகளை 252 பேரிடம் காட்டினார்கள். அழகாகப் பட்டதையே பயன்படுத்தச் சுலபமானதென்றும் மக்கள் சொன்னார்கள். இது ஜப்பானியரின் அழகுப் பித்தாக இருக்கும் என்று சந்தேகப்பட்ட டிராக்டின்ஸ்கி என்ற ஆய்வாளர் அதே சோதனையை இஸ்ரேலில் செய்து பார்த்தார். அங்கே தொடர்பு இன்னும் வலுவாக வந்தது. ‘சுலபமாகத் தெரிந்தது’ வேறு, ‘சுலபமாக இருந்தது’ வேறு என்பது நியாயமான மறுப்புதான். ஆனாலும், கண்டதும் மிரண்டு வரிசையை விட்டு விலகியவருக்கு அந்த யந்திரம் எத்தனை சுலபமாக இருந்தும் பயனில்லை.

அழகைச் சொல்லி ஏமாற்றுவதும் உண்டு. பிலிப் ஸ்டார்க் வடிவமைத்த மூன்று கால் எலுமிச்சைப் பிழிவானை வாங்கியவர்களில் பலர் அலமாரியில்தான் நிறுத்தினார்கள். கொட்டையைத் தடுக்க அதில் வடிகட்டிகூடக் கிடையாது. உபயோகத்தைக் கைவிட்ட அழகுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் விலை குறைந்தால் ஏழை எதையும் வாங்குவான் என்ற கணக்கு என்ன ஆயிற்று? ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போகிற குடும்பத்துக்கென்று 2008இல் டாட்டா நிறுவனத்தார் நானோ காரைக் காட்டினார்கள், விலை ஒரு லட்சம். எதிர்பார்த்தபடி அது விற்கவில்லை. தொழிற்சாலை இடம் மாறியது, சில வண்டிகள் தீப்பிடித்தன, அவையும் காரணம்தான். ஆனால் வாழ்நாளின் முதல் காரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்துகிறவன், ‘உலகத்திலேயே மலிவான கார்’ என்ற பட்டத்தையும் சேர்த்தா நிறுத்துவான்? அந்தப் பெயரில் விற்றது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.