கார் வராத பாதையில் ஊரும் வராது

பிரான்ஸில் சைக்கிள் பயணம் போக ஆசை என்று சொல்லிப் பாருங்கள். போய்வந்தவர்களும் சரி, பயண ஏற்பாட்டு நிறுவனங்களும் சரி, ஒரே அறிவுரையைத்தான் தருவார்கள்: சாலைப் பக்கமே போகாதீர்கள், கார் வராத பாதையைப் பிடியுங்கள். கால்வாய்க் கரை, ஆற்றங்கரை, பழைய ரயில் தடம் என்று பட்டியல் நீளும். வாகனம் இல்லை என்ற ஒற்றைத் தகுதியை வைத்தே பாதையை உயர்ந்ததாக்கி, நாட்டுப்புற பிரான்ஸைக் காண இதைவிட நல்ல வழி கிடையாது என்றும் சாதிப்பார்கள். இந்த நம்பிக்கையில் பாதி தவறு. மீதி, வரைபடத்தை விரித்துப் பார்க்காத சோம்பல்.

இந்தப் பாதைகள் வந்த கதையைப் பார்ப்போம். 1870களின் இறுதியில் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஷார்ல் து ஃப்ரேசினே, சிறு நகரங்களையெல்லாம் ரயிலால் இணைக்கும் பெருந்திட்டம் ஒன்றைப் போட்டார். அதற்கு முன்னும் பின்னும் போடப்பட்ட கிளைத் தடங்கள் பல, பஸ்ஸும் காரும் பெருகியதும் பயணிகளை இழந்து மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு அந்தத் தடத்தைச் செப்பனிட்டதுதான் இன்றைய 'வுவா வெர்த்' எனப்படும் பசுமைப் பாதைகளில் பெரும்பகுதி. பர்கண்டி வட்டாரத்தில் ழிவ்ரிக்கும் குளூனிக்கும் இடையே 1997இல் திறந்த 44 கி.மீ. பாதை இவற்றுக்கு முன்னோடி. சாலை விதிகளில் இவ்வகைப் பாதைக்கென்று தனி இடம் கிடைத்தது 2004இல்.

நீராவி எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. எனவே ரயில்காரர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரவினார்கள், மலையைக் குடைந்தார்கள். கால்வாய் வெட்டியவர்களுக்கோ தண்ணீர் மட்டம் ஒன்றே கணக்கு. இரு தரப்பாருமே நிலத்தின் மேடுபள்ளத்தைத் தவிர்ப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர்கள். அவர்கள் தவிர்த்த மேட்டில்தான் பல ஊர்கள் இருக்கின்றன. ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. வெட்டுப்பள்ளத்துக்குள் இருபுறமும் புதர் மறைக்க மணிக்கணக்கில் மிதித்துவிட்டு, பர்கண்டியைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

அந்த முன்னோடிப் பாதையையே எடுத்துக்கொள்வோம். அதை வெறுக்க முடியாது. கோர்மத்தின் கோட்டைமனையும், ஒருகாலத்தில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த குளூனி மடாலயமும் அதன் ஓரத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் தெசே கிராமம் பாதைக்கு மேலே மேட்டில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் நிற்கும் ஷப்பேஸுக்குக் கோர்மத்தினில் தடத்தை விட்டு டி14 சாலையில் கிழக்கே திரும்ப வேண்டும். அதே சாலையில் இன்னும் ஏறினால் கோட்டையும் கல் வீடுகளுமாகக் குன்றின்மேல் பிரான்சியோன். இவற்றைப் பார்க்கக் கார் ஓடும் சாலையில் கொஞ்ச தூரம் போயே ஆக வேண்டும். 'கார் இல்லாத பாதை' என்பதை மந்திரமாகப் பிடித்துக்கொண்டவர் திரும்ப மாட்டார். நேரே குளூனிக்குப் போய், அதற்கும் தெற்கே புவா க்ளேர் சுரங்கத்துக்குள் நுழைந்து, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் குளிரிலும் மங்கல் வெளிச்சத்திலும் மலைக்கு அடியில் ஓட்டுவார். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அந்தச் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். அப்போது வேறு வழியில்லாமல் மலைமேல் ஏறித்தான் கடக்க வேண்டும். வௌவால்களுக்கு நன்றி.

தெற்கே கனால் டு மிடியிலும் இதே கதைதான். பியேர்-போல் ரிக்கே 1666இல் தொடங்க, 1681இல் முடிந்த 240 கி.மீ. அதிசயம் அது. படங்களில் நாம் பார்க்கும் பிளேன் மர நிழல் இப்போது பல இடங்களில் இல்லை. 2006இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. அது யாருடைய குற்றமும் இல்லை. என் குறை வேறு. அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் ரிக்கேயின் மேதைமை. வடக்கே உள்ள மலையில் ஓடைகளைத் தடுத்து, செயின்ட் ஃபெரியோலில் அணை கட்டி, வாய்க்கால் வழியே நீர்பிரி மேட்டுக்குக் கொண்டுவந்தார். துலூஸிலிருந்து கடல்வரை கரையோரமே ஓட்டிவிட்டுத் திரும்புகிறவர் அந்த அணையைப் பார்ப்பதில்லை. கால்வாயின் சூட்சுமம் கால்வாய்க் கரையில் தெரியாது.

இதைவிட வேடிக்கை லுவார். நெவேர் நகரின் அருகிலிருந்து அட்லாண்டிக் வரை ஏறத்தாழ 900 கி.மீ. ஓடும் 'லா லுவார் ஆ வெலோ' பாதையைத்தான் 'வண்டித் தொல்லையே இல்லை' என்று உலகமே கொண்டாடுகிறது. அதன் கணிசமான பகுதி தனிப்பாதையே அல்ல, ஊருக்கு ஊர் போகும் சாதாரணச் சிறு சாலை. கார் அனுமதிக்கப்பட்ட சாலை. அதில் ஓட்டிவிட்டு வந்தவர்கள்தான் தனிப்பாதையின் பெருமையைப் பாடுகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தது என்னவோ பிரெஞ்சுக் கிராமச் சாலைதான். பெயர்ப்பலகை மட்டும் வேறு.

அந்தச் சாலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம். மாவட்டச் சாலைகளும் கிராமச் சாலைகளுமாகச் சேர்த்தால் பத்து லட்சம் கிலோமீட்டர் வருகிறது. ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் கொண்ட நாடு அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர் அலுவலகம், ஒரு தேவாலயம், சுற்றிலும் பண்ணைகள், அவற்றை இணைக்க ஒரு வலைப்பின்னல். இருபதாம் நூற்றாண்டில் சனங்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். தொலைதூர வண்டிகளை நெடுஞ்சாலைகள் இழுத்துக்கொண்டன. சாலை மட்டும் தார் போட்டபடி மிஞ்சியது. மிஷ்லின் வரைபடத்தில் வெள்ளைக் கோடாக இருப்பவை இவைதான். கோட்டின் ஓரத்தில் பச்சை தீட்டியிருந்தால் காட்சி அழகான சாலை என்று பொருள். அங்கே எதிர்ப்படுவது ஒரு டிராக்டர், தபால்காரரின் மஞ்சள் வேன், பள்ளி விடும் நேரத்தில் ஒரு பஸ். பேக்கரியும் கடையும் இருப்பது இந்தச் சாலையில்தான், புதருக்குள் ஓடும் ரயில் தடத்தில் அல்ல.

பிரெஞ்சு சைக்கிள் பயண மரபு பிறந்ததும் சாலையில்தான். செயின்ட் எத்தியேன் நகரத்து போல் த விவி (1853–1930), 'வெலோசியோ' என்ற பெயரில் தன் பத்திரிகையில் ஓயாமல் எழுதினார். மலை ஏறுவதற்கு ஏற்ற கியர் வேண்டும் என்று வாதாடியே அவர் காலம் போயிற்று. டூர் த பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச் போன்றவர்கள் கியர் மாற்றுவதைக் கோழைத்தனம் என்று நினைத்தார்கள். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டதே 1937இல்தான். இன்று இருபது கியரும் பேட்டரியும் உள்ள வண்டியை வாங்கி, ஏற்றமே இல்லாத கால்வாய்க் கரையில் உருட்டுகிறோம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 1200 கி.மீ.யை 90 மணி நேரத்தில் ஓட்டும் பாரிஸ்-ப்ரெஸ்த்-பாரிஸுக்கு இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். அது முழுக்கத் திறந்த சாலை. இரவிலும் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காபியும் தண்ணீரும் கொடுக்கும் கிராமத்தாரை அவர்கள் பார்த்தது சாலையில் போனதால்தான்.

பாதுகாப்பு என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். அண்மை ஆண்டுகளில் பிரான்ஸில் ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் சாகிறார்கள், அவர்களில் பாதிக்கும் மேல் ஊருக்கு வெளியே. ஆனால் 'சாலை' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டுவது தப்பு. இரு நகரங்களை இணைக்கும் அகலமான மாவட்டச் சாலையும், மூன்று பண்ணைகளுக்காகப் போட்ட வெள்ளைக் கோடும் ஒன்றல்ல. முதலாவதில் நானும் யாரையும் ஓட்டச் சொல்லவில்லை.

தனிப்பாதை மோகம் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது என்பது என் வாதம். 'உனக்குத்தான் தனிப்பாதை இருக்கிறதே, இங்கே ஏன் வந்தாய்' என்று ஹாரன் அடிக்கும் ஓட்டுநருக்கு அது தார்மிக பலம் தருகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சைக்கிள் பாதையின் நீலப் பலகை வட்டமாக இருந்தால்தான் கட்டாயம், சதுரமானால் நம் விருப்பம். ஊருக்கு வெளியே முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டியது காரோட்டியின் கடமை. ஆனால் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கியாயிற்று என்ற நினைப்பு வந்துவிட்டால் அந்தக் கடமை யாருக்கு நினைவிருக்கும்? 2018இல் மணிக்கு 80 கி.மீ. ஆகக் குறைத்த வேக வரம்பைப் பல மாவட்டங்கள் மறுபடி 90க்கு ஏற்றிக்கொண்டன. பசுமைப் பாதைகளைத் திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொள்வது மாவட்ட நிர்வாகங்களுக்கு வேகத்தைக் குறைப்பதைவிடச் சுலபம்.

பாதை தொடங்கும் இடங்களின் வண்டி நிறுத்தத்தைப் பாருங்கள். பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்த கார்கள் வரிசையாக நிற்கும். கார் இல்லாத பாதைக்குக் காரில் வருகிறார்கள். பழைய ரயில் போன இடத்துக்குப் பாதை போகிறதே ஒழிய, கிராமத்துப் பிள்ளை போக வேண்டிய பள்ளிக்கோ, அவளுடைய அம்மா போக வேண்டிய சந்தைக்கோ போவதில்லை. அந்தத் தூரத்தை அவர்கள் காரில்தான் கடக்கிறார்கள்.

சின்னக் குழந்தைகளுக்கும், புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்கும், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் தனிப்பாதை வேண்டும், மறுக்கவில்லை. (அவர்களுக்காகத்தான் என்றால், மோட்டார் பைக்கைத் தடுக்கிறேன் என்று குறுக்கும் நெடுக்கும் வைத்த கம்பிகளில் கைமிதி வண்டியும் குழந்தை வைக்கும் இழுவண்டியும் சிக்கிக்கொள்வது ஏன் என்று யாராவது விளக்கட்டும்.) என் சண்டை, அதுவே எல்லாருக்கும் எல்லாமும் என்ற எண்ணத்தோடு.

செய்ய வேண்டியவற்றில் பலவும் பெரிய செலவில்லாதவை. கிராமச் சாலையில் அந்த ஊர்க்காரர் தவிர மற்ற வண்டிகளுக்குத் தடை போட மேயருக்கே அதிகாரம் உண்டு. நடுவில் கார்களுக்கு ஒரே ஒரு தடமும் இருபுறமும் சைக்கிளுக்கு இடமுமாகக் கோடு போடும் 'ஷொசிடு' முறைக்குப் பெயிண்ட் போதும். லுவார் பாதையிலும் பல இடங்களில் நடந்தது இதுபோன்ற எளிய வேலைதான்: புதிதாக வெட்டாமல் இருந்த சாலையிலேயே நல்லதைத் தேர்ந்தெடுத்து, பலகை நட்டார்கள். மற்ற மாவட்டங்கள் அதைச் செய்யட்டும்.