ரூபாயின் வெள்ளி

கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி விற்ற பணத்தைப் பெட்டகத்தில் பூட்டிவைத்த முன்னோரின் சேமிப்பைப் பேரர்கள் ஆசாரியின் தராசுக்குக் கொண்டுசெல்லும்போது, ரூபாயென்று பெயர் பெற்றதெல்லாம் வெள்ளியே என்னும் அவர்களது பரிபூரண நம்பிக்கை அநேகமாக அங்கேயே கலைந்துவிடுகிறது. 1835 முதல் 1939 வரை பிரிட்டிஷ் இந்திய ரூபாய், ஒரு தோலா நிறையில், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி கொண்டிருந்தது. யுத்த நெருக்கடியால் 1940-ல் அது சரிபாதியாகக் குறைந்து, மீதியில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் புகுந்தன. 1947-ஆம் வருஷத்து ரூபாயோ முழுவதும் நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வருஷத்தை வாசிப்பதே முதற் பரீட்சை. கள்ள நாணயங்கள் மலிந்திருப்பதால் நிறுத்துப் பார்ப்பது அடுத்தது.

பிழை நாணயங்களைப் பற்றிய மோகத்தில்தான் எனக்கு அதிருப்தி. 1911-ஆம் வருஷத்து ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியிலிருந்த யானை பன்றியைப்போல் தோன்றியதால் ஆட்சேபம் கிளம்பி, மறுவருஷமே உருவம் திருத்தப்பட்டது. அது செதுக்கியவரின் குறையேயன்றி நாணயச்சாலையின் பிழையன்று. முன்பு அடித்த காசு அச்சிலேயே சிக்கிக்கொள்ள, அடுத்த காசில் ஒரே முகம் ஒருபுறம் மேடாகவும் மறுபுறம் இடவலம் மாறிய பள்ளமாகவும் பதிவதே மெய்யான பிழை. காசுமாலைக்காகத் துளையிட்டதையும், வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கியதையும் அபூர்வமென்று விலை பேசுவோரை என்ன சொல்வது! புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய சாதாரண ரூபாய்க்கோ, விஷயமறிந்த சேகரிப்பாளர் வெள்ளியின் விலைக்குமேல் கொடுப்பது அரிது.