எவர் மொழியைக் கற்பிக்கக் கடல் கடக்கின்றோம்?

புதுச்சேரியில் கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்க்கு இன்று ஒரு வாயில் திறந்திருக்கின்றது. பிரான்சு நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலத் துணையாசிரியராய்ப் பணியாற்ற வேண்டுகோள் விடுக்கலாம். பெரும்பாலும் 7 திங்கள் பணி. கிழமைக்கு 12 மணி நேரம் பாடம். திங்கள்தோறும் பிரெஞ்சு அரசு தரும் உதவித்தொகை. பட்டம் பெற்றும் வேலையின்றி அலையும் நாட்டில் இவ்வாய்ப்பை நாடும் பிள்ளைகளைப் பழிப்பது முறையன்று. ஆனால், அவர்கள் எம்மொழியைக் கற்பிக்கச் செல்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்காமல் இருப்பதும் முறையன்று.

இத்திட்டத்தைப் பிரான்சு 1905-ஆம் ஆண்டில் தொடங்கியது. தன் மொழியின்பால் பிரெஞ்சுக்காரன் கொண்ட செருக்கு உலகறிந்தது. அவன் பிறமொழி கற்க விரும்பினால் அம்மொழிக்குரியாரை அழைக்கின்றான். தன் மொழியைப் பிறர்க்குக் கற்பிக்கத் தன் பிள்ளைகளை அனுப்புகின்றான். அவ்வழைப்பை ஏற்று ஆங்கிலேயன் ஆங்கிலத்தோடு செல்கின்றான். செருமானியன் செருமானியத்தோடு செல்கின்றான். தமிழன் மட்டும் தனக்கும் உரியதல்லாத, பிரெஞ்சுக்காரனுக்கும் உரியதல்லாத ஆங்கிலத்தைச் சுமந்து செல்கின்றான். பெற்ற தாய் திண்ணையில் கிடக்க, அயலான் தாய்க்குப் பல்லக்குத் தூக்கும் பணியன்றோ இது!

இதனினும் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட இரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் பள்ளிகளும் அத்திட்டத்துள் அடங்கும். அத்தீவுகளில் வாழ்வார் யார்? புதுவை, காரைக்கால் துறைகளில் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அங்கே உள்ளனர். 1853-இல் மார்த்தினிக்கையும், 1854-இல் குவாதலூப்பையும் அவர்தம் முதற்கப்பல் சேர்ந்தது. குவாதலூப் ஒன்றற்கே 40,000 பேர்க்கு மேல் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் பெரும்பகுதியினர் தமிழர். கரும்புத் தோட்டங்களில் அவர்தம் உழைப்பு உறிஞ்சப்பட்டது. காலப்போக்கில் நாவிலிருந்த தமிழும் பறிபோயிற்று. எஞ்சியது கோயில் ஒன்றே. மாரியம்மன் அங்கு 'மலியேமின்' ஆனாள். மதுரைவீரன் 'மல்தேவிலின்' ஆனான். பொருள் அறியாமலே, செவிவழி வந்த தமிழ்ப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாய்ப் பாடிக் காத்தனர்.

புதுவையிலிருந்து செல்லும் இளைஞன் ஒருவன் அத்தீவுப் பள்ளி ஒன்றில் நுழைவதாக எண்ணிப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் வீராசாமி என்றும் இராமசாமி என்றும் குடிப்பெயர்கள். ஊரும் பெயரும் முகமும் நம்முடையவை. அப்பிள்ளைகட்கு அவன் கற்பிக்கப் போவதோ ஆங்கிலம்! தமிழை இழந்தவனும் தமிழை உடையவனும் நேருக்கு நேர் நிற்க, இடையில் தமிழ் இல்லை.

'தமிழ் கற்க அங்கு எவர் வருவார்?' என்று கேட்பாருளர். இரீயூனியன் தமிழர் தம் வேர்களைத் தேடத் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆயின. தமிழ்ப் புத்தாண்டை அங்கு விழாவாகவே கொண்டாடுகின்றனர். வேட்கை உண்டு, ஊட்டுவார்தாம் இல்லை. மலேயாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் பணியாற்றிய தனிநாயகம் அடிகள், கேட்பார் வரட்டும் என்று காத்திருந்தாரல்லர். அவர் முன்னின்று தொடங்கிய உலகத் தமிழ் மாநாடு 1970-இல் பாரிசு நகரிலேயே நிகழ்ந்தது. இணைய வழிக் கல்வி இன்று உண்டே எனலாம். நன்றே, ஆனால், மழலை நாவைத் திருத்தி ழகரம் ஒலிக்கச் செய்ய எதிரே ஓர் ஆசிரியர் வேண்டும்.

அயலார்க்குக் கற்பிக்குமுன் அகத்தையும் நோக்க வேண்டும். 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் புதுவைக்குத் தமிழை ஆட்சிமொழியாக்கியது. அலுவலகங்களில் ஆங்கிலமோ இன்னும் அகலவில்லை. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகள் நடுவண் பாடத்திட்டத்திற்கு மாற்றப்பட்டபொழுது, தமிழின் இடம் என்னாகுமோ என்னும் அச்சம் எழுந்தது. பிரெஞ்சுக் கொடியின்கீழ் 1909-இல் தமிழாசிரியப் பணியேற்ற பாவேந்தர் பிறந்த ஊரில் இந்நிலை! ஆங்கிலமே பிழைப்புத் தரும் என்று வீட்டிலும் பள்ளியிலும் கற்பித்துவிட்டு, இளைஞன் ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடக்கின்றான் என்று அவனைக் குறைகூறுவது எங்ஙனம்?

வேண்டுவது ஒன்றே. புதுவை அரசும் தமிழக அரசும் கூடித் தமிழ்த் துணையாசிரியர் நல்கை ஒன்றை நிறுவுக. தமிழும் பிரெஞ்சும் ஒருங்கறிந்த பட்டதாரிகளைத் தேர்ந்து, ஆண்டிற்குப் பதின்மரையேனும் அத்தீவுகட்கு அனுப்புக. இவ்விருமொழிப் புலமை புதுவைக்கு வரலாறு தந்த பேறு. அதனை அயல்மொழிக்கே செலவிடுதல் அறிவுடைமை ஆகாது.

அன்று இத்துறையிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றினர். இன்று இத்துறையிலிருந்து தமிழாசிரியர் செல்லட்டும். 170 ஆண்டுக் கடன் அது. தீர்க்க வேண்டியவர் நாம்.