சுவரை இடித்த கதை தெரியும், கட்டிய கதை?

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம், சேசு சபை மிஷனால் வளர்ந்த விவசாய ஊர். தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்றது இங்கேதான். 2022இல் அவர் புனிதரானபோது ஊரின் பெருமை எங்கும் பேசப்பட்டது. அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வத்திக்கானே நீக்கியது. நல்லது. ஆனால் அதே ஊரில் 1872இல் எழுந்த கோயிலை யாரும் பேசவில்லை.

அந்தக் கோயிலுக்குப் பீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு. ஒன்றில் வெள்ளாளரும் அவர்களோடு சேர்ந்தவர்களும். மற்றதில் நாடார்களும் பிறரும். பாதிரியார் இரு பக்கமும் பார்க்கலாம். மக்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. தீண்டாமையைக் கட்டடக் கலையாகவே மாற்றியிருந்தார்கள்.

1910இல் அருட்தந்தை கௌசானல் அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வழக்கத்தைக் காட்டி நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

மிஷன் வரலாற்றை ஆய்வு செய்யும் எனக்கு அடிக்கடி வரும் பதில் ஒன்று: "அன்றைய சமூகம் அப்படி, மிஷனரிகள் என்ன செய்வார்கள்?" ஒரு பாதிரியாரால் 1910இல் இடிக்க முடிந்ததை 1872இல் கட்டாமலே இருந்திருக்கலாமே! அதற்கும் முன்பு, 1744இல், பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை ஒதுக்கும் ஏற்பாட்டைப் போப்பாண்டவரே ஏற்றார். இதற்குப் பெயர் கையறுநிலை அல்ல, கொள்கை.

இது பழங்கதையும் அல்ல. எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கு எதிரான கலவரம் 2008இல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது. செத்த பிறகும் பிணத்துக்குச் சாதி!

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியிருக்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. "கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே" என்பதுதான் எதிர்ப்போரின் வாதம். அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டிய திருச்சபை, டெல்லியில் "எங்களிடமும் சாதி இருக்கிறது" என்கிறது. ஊர்த் திருவிழா மலரில் "நாம் அனைவரும் ஒரே குடும்பம்" என்கிறது. இரண்டில் எது உண்மை?

வடக்கன்குளத்தின் இரட்டைக் கூடம் நம் வழக்கின் முதல் சாட்சி. கோயில் வாசலில் கல்வெட்டு வையுங்கள்: யார் கட்டினார்கள், யாருக்காகக் கட்டினார்கள், எப்போது இடிந்தது என்று. இடித்தவருக்கு மாலை போடுவது எளிது. கட்டியவர்களின் பொறுப்பை ஏற்பதுதான் பாவசங்கீர்த்தனம்.