பாசிக்கு மருந்து தேடும் முன் தண்ணீரில் சேரும் உரத்தைக் கணக்கு பாருங்கள்

மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதியில் தண்ணீர் பச்சையாகக் குழம்பி, கரையோரக் கிராமங்களில் துர்நாற்றம் வீசுகிறது என்ற செய்தியை அண்மை ஆண்டுகளில் பலமுறை படித்திருப்பீர்கள். படகில் போய் நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்தார்கள் என்ற செய்தியும் கூடவே வரும். சில நாளில் நாற்றம் அடங்கும். அடுத்த ஆண்டு அதே செய்தி மறுபடியும் வரும்.

அந்தத் தண்ணீர்தான் முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என்று பிரிந்து, திருவானைக்காவலையும் ஸ்ரீரங்கத்தையும் இரு பக்கமும் அணைத்துக்கொண்டு கல்லணைக்குப் போகிறது. பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரிய ஊர் நம் திருவானைக்காவல். ஆனால் மேட்டூரில் நடப்பதன் சின்ன வடிவம் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பண்ணைக்குட்டையிலும், மீன் குளத்திலும், சொட்டுநீர்த் தொட்டியிலும், நட்டு சில நாளே ஆன நெல் வயலிலும் நடக்கிறது. கோடைக்காலத்தில் ஒரே இரவில் குளத்து மீன் முழுவதும் செத்து மிதப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

பாசி வந்ததும் எல்லோரும் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பாசிக்குச் சாப்பாடு போடுவது யார்?

பாசி எதைத் தின்று வளர்கிறது?

நெல்லுக்கும் வாழைக்கும் வேண்டிய அதே தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் பாசிக்கும் தீனி. வெயிலும் சூடும் தேங்கிய நீரும் சேர்ந்தால் போதும், வயலில் பயிர் எடுக்காமல் விட்ட உரத்தைத் தண்ணீரில் பாசி எடுத்துக்கொள்ளும்.

இது ஊகம் இல்லை, ஆராய்ச்சியில் கண்கூடாகப் பார்த்தது. 1973-ல் கனடாவில் ஒரு முழு ஏரியையே நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிமமும் தழைச்சத்தும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார்கள். மணிச்சத்து விழுந்த பாதி மட்டும் பச்சையாகிப் போனது. ஏரியில் பாசியின் கடிவாளம் பெரும்பாலும் மணிச்சத்தின் கையில் இருக்கிறது என்பதை உலகம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பாடத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஈரி ஏரி காட்டியது. 2014 ஆகஸ்ட் மாதம் அந்த ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகி, அதன் நஞ்சு குடிநீரில் கலந்தது. டொலிடோ நகரத்தைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. விவசாய நிலங்களிலிருந்து ஆறு வழியாக ஏரிக்குப் போன மணிச்சத்துதான் அதற்கு முக்கியக் காரணம்.

நம் ஆற்றில் யார் பங்கு எவ்வளவு?

பழி முழுவதும் விவசாயி மேல் என்று சொல்வது நியாயம் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் வெளியிட்ட மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரி இடம்பெற்றது. திருச்சி இதன் நடுவில் இருக்கிறது. இந்த நீளம் முழுவதும் வழியில் உள்ள ஊர்களின் சாக்கடையும் ஆலைக் கழிவும் ஆற்றில் சேர்கின்றன. திருச்சி நகரத்துக்குள் உய்யகொண்டான் வாய்க்கால் படும் பாட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாசனத்துக்கு வெட்டிய வாய்க்கால், ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடையையும் சுமக்கிறது.

மேட்டூரில் இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. அணை நீர் வற்றும்போது வெளியே தெரியும் நிலத்தில் பயிர் வைக்கிறார்கள். மறுபடி நீர் ஏறும்போது அறுவடைத் தட்டையும், இட்ட உரத்தின் மிச்சமும் மூழ்கி அழுகுகின்றன. அந்தச் சத்து அங்கேயே பாசிக்குத் தீனியாகிறது.

நுண்ணுயிர்க் கரைசல் தெளித்தால் நாற்றம் குறையலாம். ஆனால் தண்ணீரில் கரைந்த மணிச்சத்து அங்கேயேதான் இருக்கும். வரத்தை நிறுத்தாமல் மேலே தெளித்துக்கொண்டே இருப்பது, மடையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பது போலத்தான். அரசுக்கு இது பெரிய வேலை. உங்கள் குட்டையில் அது உங்கள் கையில் இருக்கிற வேலை.

கடலும் வீட்டுத் தொட்டியும் சொல்லும் பாடம்

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. நாக்டிலூகா என்ற மிதவை நுண்ணுயிர் பெருகியதுதான் காரணம். அது பெருகி மடிந்து அழுகியபோது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தது. நகர முடியாத பவளப் பாறைகளும் அதில் அடிபட்டன.

நகரங்களில் சிலர் வீட்டுக்குள்ளேயே உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறார்கள். அவர்களுக்கும் பெரிய தலைவலி பாசிதான். பாசிக்கொல்லி ஊற்றினால் பவளமும் போய்விடும் என்ற பயத்தால் அவர்கள் வேறு வழி பழகியிருக்கிறார்கள். முதலில் தீவனத்தைக் குறைப்பார்கள். சத்து கலக்காத சுத்திகரித்த நீரை மட்டும் ஊற்றுவார்கள். விளக்கு எரியும் நேரத்தைக் குறைப்பார்கள். பாசி மேயும் நத்தைகளை விடுவார்கள். இதோடு பக்கத்துத் தொட்டியில் வேண்டுமென்றே ஒரு நல்ல பாசியை வளர்த்து, மிச்சச் சத்தை அது குடித்ததும் அதை வெட்டி எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள்.

இந்தக் கடைசி வேலையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சத்து உள்ளே வந்தால், அது ஏதாவது ஒரு வடிவில் வெளியே போயாக வேண்டும். தொட்டிக்காரர் அதைக் குப்பையில் போடுகிறார். உங்களுக்கோ பக்கத்திலேயே வாழைத்தோட்டம் இருக்கிறது.

உங்கள் குளத்தின் கணக்கு

20 சென்ட் குளத்தில் 800 மீன் விட்டிருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் அரைக் கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் என்றால் நாளைக்கு 8 கிலோ. ஏறக்குறைய 13 நாளில் 100 கிலோ தீவனம் குளத்துக்குள் போகிறது.

அந்தத் தீவனத்தில் 28 சதவீதம் புரதம் இருந்தால், அதில் 4.5 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மீன் தன் உடலில் சேர்ப்பது அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்குதான். மீதி 3 கிலோ கழிவாகத் தண்ணீரில் சேர்கிறது. யூரியா கணக்கில் அது ஆறரைக் கிலோ. அதாவது தினமும் அரைக் கிலோ யூரியாவை நீங்களே குளத்தில் கொட்டுவதற்குச் சமம். இதற்கு மேல் சாணமும் போட்டு, வயல் வடிகாலையும் குளத்தில் விட்டால் தண்ணீர் பச்சையாகாமல் என்ன செய்யும்?

விடியற்காலையில் ஏன் மீன் சாகிறது?

பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்ஸிஜனை வெளிவிடும். இரவில் அதுவே ஆக்ஸிஜனை இழுக்கும். பாசி அளவாக இருந்தால் பிரச்சினை இல்லை. அடர்த்தியாக இருந்தால் விடியும் நேரத்தில் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் காலைதான் மிக ஆபத்தானது.

இந்த நிலையில் பயந்துபோய் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். பாசி முழுவதும் ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது இருக்கிற ஆக்ஸிஜனும் தீர்ந்துவிடும். மென்னீராக இருந்தால் தாமிரமே மீனுக்கு நஞ்சு. ஆழ்துளைக் கிணற்று நீரும் வாய்க்கால் நீரும் ஒரே தன்மை கொண்டவை அல்ல என்பதால், பக்கத்துக் குளத்துக்காரர் ஊற்றிய அளவு உங்களுக்குப் பொருந்தாது. செத்த பாசியிலிருந்து சத்து மறுபடி தண்ணீருக்கே வருவதால் சில வாரத்தில் புதுப்பாசி கிளம்பும். தாமிரமோ சேற்றில் தங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

*முதலில் சோதியுங்கள்.* காலை வெயில் வந்தபின் குளத்தில் கையை நேராக நீட்டி இறக்குங்கள். முழங்கை மூழ்கும் நேரத்தில் உள்ளங்கை மறைந்தால் பச்சை அளவாக இருக்கிறது. மணிக்கட்டு மூழ்கியதுமே உள்ளங்கை மறைந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது.

*மீன் வாய் பிளந்தால்* உடனே தீவனத்தை நிறுத்துங்கள். மோட்டார் போட்டுக் குளத்து நீரையே எடுத்து மேலிருந்து பீய்ச்சி விழச் செய்யுங்கள். நல்ல நீர் இருந்தால் உள்ளே விடுங்கள். ஏரேட்டர் இருந்தால் நள்ளிரவு முதல் சூரியன் ஏறும்வரை ஓடட்டும். அந்த நேரத்தில் சாணம், யூரியா, சுண்ணாம்பு எதுவும் போட வேண்டாம். பாசி அடர்ந்த குளத்தில் பகலில் காரத்தன்மை ஏற்கெனவே ஏறியிருக்கும். சுண்ணாம்பு அதை மேலும் ஏற்றினால் அம்மோனியாவின் நஞ்சு கூடும்.

*பச்சைத் தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சுங்கள்.* குளத்தின் நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வாழை, தென்னை, தீவனப்புல்லுக்குப் பாய்ச்சிவிட்டு, அந்த அளவு நல்ல நீரை நிரப்புங்கள். அந்தப் பச்சை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரம். குளத்தில் இருந்தால் அது எமன், தோட்டத்துக்குப் போனால் விளைச்சல். எவ்வளவு பாய்ச்சுகிறீர்களோ அதற்கு ஏற்ப தோட்டத்துக்கு இடும் யூரியாவையும் குறைத்துக்கொள்ளலாம்.

*நூல் பாசியைக் கையால் அள்ளுங்கள்.* மூங்கில் கழியிலோ பழைய வலையிலோ சுற்றி இழுத்தால் வந்துவிடும். கரையிலேயே போட்டால் மழையில் சத்து மறுபடி குளத்துக்கே வடியும். கம்போஸ்ட் குழிக்குக் கொண்டுபோங்கள்.

*மீனையும் வேலை வாங்குங்கள்.* கட்லா, ரோகு, மிர்காலோடு வெள்ளிக்கெண்டையையும் சேர்த்தால் அது மிதக்கும் நுண்பாசியைத் தின்னும். புல்கெண்டை நீர்த்தாவரங்களையும் ஓரளவு நூல் பாசியையும் மேயும். மேகமூட்டமான நாளில் தீவனத்தைப் பாதியாக்குங்கள்.

*வரத்தை மறியுங்கள்.* மாட்டுக்கொட்டகைக் கழுநீரும், உரமிட்ட வயலின் வடிகாலும் குளத்துக்குள் வராதபடி கரையை உயர்த்துங்கள். குளம் வற்றும்போது அடிச்சேற்றை வழித்து வயலுக்கு அடியுங்கள். பல ஆண்டு மணிச்சத்து அதில்தான் உறங்குகிறது.

நெல்லும் சொட்டுநீரும்

நெல் வயலில் தேங்கிய நீரின் மேல் டிஏபியைத் தூவினால் பயிருக்கு முன்னால் பாசிதான் அதைப் பிடிக்கும். அடியுரத்தைக் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிடுங்கள். பாசி படர்ந்துவிட்டால் நீரை வடித்து, மண்ணில் மெல்லிய கீறல் விழும்வரை வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் கட்டுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். காற்றுத் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசியை உயிர் உரமாக நாமே நெல் வயலில் இடுகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லாப் பாசியும் எதிரி இல்லை.

குட்டை நீரைச் சொட்டுநீருக்கு எடுப்பவர்கள் மணல் வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் வாழையின் சொட்டுவான்கள் பாசியில் அடைபடும். உறிஞ்சு குழாயின் வாயை மேற்பரப்பிலும் வைக்காமல், சேற்றிலும் வைக்காமல் நடுவில் மிதக்கவிடுங்கள். வடிகட்டியை அடிக்கடி எதிர்ப்பாய்ச்சலில் கழுவுங்கள். மேல்நிலைத் தொட்டிக்கு மூடி போட்டு வெயிலை மறையுங்கள். குழாயைச் சுத்தம் செய்யக் குளோரின் பயன்படுத்தினால் அந்த நீர் மீன் குளத்துக்குப் போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை

பெயின்ட் ஊற்றியதுபோல் பச்சைப் படலம் காற்று அடிக்கும் பக்கம் ஒதுங்கி நாற்றமடித்தால், அது நஞ்சு கக்கும் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆடு மாடு குடிக்க விடாதீர்கள். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். பாட்டிலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்கோ, சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். மருந்து தேவையா, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பது நீர்ப் பரிசோதனைக்குப் பிறகு முடிவாகட்டும். அப்போதும் குளம் முழுவதற்கும் ஒரே நாளில் போடாமல், கால் பங்கு கால் பங்காகத்தான் போட வேண்டும்.

ஆற்றின் கணக்கையும் கேட்க வேண்டும். ஊர்ச் சாக்கடை எந்த வாய்க்காலில் சேர்கிறது, அதைத் திருப்ப என்ன திட்டம் என்று கிராமசபையிலும், ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுத்தில் மனு கொடுங்கள். தன் குட்டையில் வரத்தை மறித்துக் காட்டிய விவசாயி கேட்கும்போது, "உரம் போடுவது நீங்கள்தானே" என்று யாரும் வாயை அடைக்க முடியாது.